வாசலில் நின்று விரித்த கம்பளம்

"நீ எப்பவாவது கம்பளத்து மேல நடந்திருக்கியாம்மா?"

நேர்காணலில் முதலாளி என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. சான்றிதழ்களை மேசைமேல் அடுக்கி வைத்திருந்தேன். அவர் அவற்றைத் தொடவில்லை. விண்ணப்பத்தில் ஊர் ஜீயபுரம் என்றும் பெற்றோர் தொழில் வாழைத் தோட்டக் கூலி என்றும் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்குச் சந்தேகம்.

"இல்லைங்க சார். ஆனா ஆட்டுக்குட்டி முதுகைத் தடவியிருக்கேன்" என்றேன்.

சிரித்துவிட்டார். திங்கட்கிழமை வரச் சொன்னார். வேலை கிடைத்தது அந்தப் பதிலுக்கா, படிப்புக்கா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. படிப்புக்கு என்றுதான் வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

பணி அனுபவங்களை எழுதுகிறவர்கள் வழக்கமாகத் தலை நரைத்தவர்கள். எனக்கு முப்பத்தொரு வயது. ஆனாலும் புத்தூர் நால்ரோட்டுப் பக்கம் இருக்கும் அந்தக் கடையிலிருந்து நான் ஓய்வு பெற்றாகிவிட்டது, சால்வை இல்லாமல், குரூப் போட்டோ இல்லாமல். வீட்டு அலங்காரத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சோபாவின் முன்கால்கள் கம்பளத்தின் மேல் ஏற வேண்டும், சின்ன அறையில் சின்னக் கம்பளம் போட்டால் அது மிதியடி போலத் தெரியும் என்பதையெல்லாம் ஒரு மாதத்தில் நீங்களே கற்றுக்கொள்வீர்கள். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு வீட்டைப் பற்றி.

அதற்கு முன் ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். கையால் முடிச்சுப் போட்டு நெய்த கம்பளிக் கம்பளத்தின் இழைகள் நிமிர்ந்து நிற்பதில்லை. ஆட்டின் ரோமம் போல ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்திருக்கும். இழைகள் நம்மை நோக்கிச் சாய்ந்திருந்தால் நிறம் ஆழமாக, தண்ணீர் தெளித்ததுபோல் அடர்ந்து தெரியும். எதிர்ப்பக்கம் போய் நின்றால் அதே கம்பளம் வெளுத்துப் பளபளக்கும். கடையில் யாரும் இதை எனக்குச் சொல்லித் தரவில்லை. சேர்ந்த முதல் வாரமே உள்ளங்கையால் தடவிக் கண்டுபிடித்தேன். எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். முதலாளியின் அக்கா மகன் ஒருவர் கடையில் இருந்தார். 'சின்னவர்' என்போம். "ஆடு மேய்ச்ச மூளை எப்படி வேலை செய்யுது பாருங்க" என்று அவர் சொல்ல, கல்லா வரைக்கும் சிரிப்புக் கேட்டது. நானும் சிரித்தேன். அது என் முதல் தப்பு.

எட்டு வருடம் அங்கே இருந்தேன். திருச்சி வெயிலுக்குக் கம்பளியா என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவர்களை, கம்பளத்தோடு வெளியே அனுப்பிவைத்தேன். ஏழாவது வருடம் முதலாளியிடம் போய், விற்பனைப் பெண் என்பது போதும், என்னை வடிவமைப்பாளர் என்று போடுங்கள் என்று கேட்டேன்.

"ஒரு முழு வீடு செஞ்சு காட்டு வளர்மதி. உன் பேர்ல கார்டு அடிச்சிடலாம்" என்றார்.

நீங்கள் இதைப் படித்துவிட்டு, ஒரு விசிட்டிங் கார்டுக்கா இவ்வளவு என்று கேட்கலாம். எங்கள் வீட்டில் பெயர்கள் அச்சில் வந்தது ரேஷன் கார்டில் மட்டும்தான். அதிலும் அம்மா பெயர் தப்பு. அது தப்பு என்று கண்டுபிடிப்பதற்கே நான் நாலாம் வகுப்பு வர வேண்டியிருந்தது.

அந்த முழு வீடு ஸ்ரீரங்கத்தில் கிடைத்தது. உத்தர வீதியில், வாசலில் நின்று பார்த்தால் கொல்லைவரை ஒரே நேர்கோட்டில் ஓடும் பழைய வீடு. அங்கே குடியிருந்த மாமா, மாமியின் மகன் வெளிநாட்டிலிருந்தபடியே அதைப் புதுப்பித்திருந்தார். முற்றத்தை மூடிக் கண்ணாடிக் கூரை, கூடத்தில் கிரானைட், ஏசி. மாமா பணி ஓய்வு பெற்றவர். மாமிக்கு அறுபது இருக்கும்.

"கல்லைப் போட்டு ஏசியும் வெச்சுட்டான். பேரன் தவழற வயசு. ஜலதோஷம் பிடிச்சா யார் பாத்துக்கறது? கம்பளம்தான் வேணும்" என்றார் மாமி.

இரண்டு முறை போய் அளவெடுத்தேன். திரைச்சீலையிலிருந்து விளக்கு வரை எல்லாம் என் திட்டம். ஊஞ்சலுக்கு அடியில் கம்பளத்தை விரிக்க வேண்டும் என்று மாமி ஆசைப்பட்டார்.

"ஊஞ்சல் ஆடறப்ப ஒவ்வொரு தடவையும் கால் தரையை உந்தும் மாமி. ஒரே வருஷத்துல அந்த இடம் மட்டும் மொட்டையாயிடும்."

"என் தலையாட்டம்னு சொல்லு" என்றார் மாமா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

மாமி சிரித்து ஒத்துக்கொண்டார். கம்பளம் கண்ணாடிக் கூரைக்குக் கீழே, வாசலிலிருந்து வருகிறவர் கண்ணில் முதலில் படும்படி என்று முடிவானது. அன்றைக்கு மாமி எனக்கு இன்னொன்றும் சொன்னார். "பருத்தின்னா நனைச்சு உலர்த்தணும். பட்டுக்கும் கம்பளிக்கும் தீட்டே கிடையாது, தெரியுமோ? யார் தொட்டாலும் மடிதான். அதான் எனக்கு இதுல திருப்தி." தெரியாத ஒன்றைக் கற்றுக்கொண்ட சந்தோஷத்தில் அதை நோட்டில் குறித்து வைத்தேன். ஸ்ரீரங்கத்தில் விற்பதற்கு இதைவிட நல்ல வார்த்தை கிடைக்காது என்று நினைத்தேன்.

கடைக்கு வந்து மாமி தேர்ந்தெடுத்தது மாதுளை முத்து நிறக் கம்பளம். எந்தப் பக்கம் நின்று பார்த்து அவர் முகம் மலர்ந்ததோ, அந்தப் பக்கத்து ஓரத்தில் ஒரு மஞ்சள் நூலைக் கட்டினேன். நூல் கட்டிய பக்கம் வாசலை நோக்கி இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே பூவேலை என்பதால் வேறு அடையாளம் கிடையாது.

விரிக்கும் நாள் வந்தது. மறுநாள் விடியற்காலை மகன் குடும்பத்தோடு வந்து இறங்குகிறார். வேனில் கம்பளத்தோடு, 'பாய்' என்று நாங்கள் கூப்பிடுபவரும் இன்னொரு ஆளும் நானும் போனோம். பாய், எங்கள் கடையின் சுமை இறக்கும் மூத்தவர். பாலக்கரைக்காரர். என்னைத் தங்கச்சி என்பார்.

வாசலில் மாமி வந்து நின்றார். மடிசார் கட்டிக்கொண்டு, பெருமாளுக்குத் தளிகை செய்துகொண்டிருந்த நேரம். பாயையும் மற்ற ஆளையும் கால் கழுவிக்கொண்டு உள்ளே போகச் சொன்னார். என்னை மட்டும் ஒரு நொடி நிறுத்தினார். குரலைத் தாழ்த்தி, "நீ வரலாமோல்லியோ?" என்று கேட்டார்.

என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. உங்களுக்கும் புரியும். அன்று எனக்கு இரண்டாம் நாள்.

ஒரு வார்த்தை பொய் சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் சொல்லத் தெரியாமலில்லை. ஆனால் நான் படித்தவள், எதையும் ஒளிக்க வேண்டியதில்லை என்று ஒரு வீம்பு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று காட்டிக்கொள்ளும் வீம்பு. "இல்ல மாமி" என்றேன்.

"அப்போ இப்படியே வாசல்லயே இரும்மா. அவாளே விரிச்சுடட்டும்."

கம்பளம் என்னைக் கடந்து உள்ளே போனது. அந்தக் கம்பளியை வெட்டியவன், சாயம் தோய்த்தவன், வடக்கே எங்கேயோ மாதக்கணக்கில் உட்கார்ந்து முடிச்சுப் போட்டவர்கள், லாரியில் ஏற்றியவன், இறக்கியவன், எல்லோர் கையும் பட்டு அது மடியாகவே உள்ளே போனது. அதை எந்தப் பக்கம் பார்த்து விரிக்க வேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் நான், செருப்புகளோடு வெளியே நின்றேன்.

"நூல் கட்டின பக்கம் வாசலைப் பாத்து பாய்!" என்று கத்தினேன்.

பிறகு பாய் நடைக்கு வந்து எட்டிப் பார்த்தார். "நூலே இல்லியே தங்கச்சி."

சமையலறையிலிருந்து மாமியின் குரல்: "உள்ளே கொண்டு வரச்சே பிசிறு தொங்கித்து. நான்தான் கத்தரிச்சேன்!"

இனிமேல்தான் என் தப்பு வருகிறது. கவனமாகப் படியுங்கள். "மாமி, ரெண்டே நிமிஷம் உள்ளே வந்து கையை வெச்சுப் பாத்துட்டுப் போயிடறேன்" என்று கேட்டேன். "மூணு நாள் கழிச்சு வந்து பாரேம்மா" என்றார். பாயிடம் கம்பளத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கை. "எனக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தாம்மா இருக்கு. அல்லா மேல ஆணையா சொல்றேன்" என்றார். கண்ணாடிக் கூரைமேல் பெயின்ட் ஆட்கள் போட்டிருந்த தார்ப்பாயை இன்னும் எடுக்கவில்லை. கூடம் மங்கலாகக் கிடந்தது. வாசலிலிருந்து எனக்கு நிறமும் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து முதலாளி போன் செய்தார். "இன்னுமா விரிக்கலை? வேனை அனுப்பு, உறையூர் டெலிவரி நிக்குது."

சுருட்டியே ஓரமாக வையுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சுருட்டி வைத்த கம்பளத்தால் யாருக்கும் அவமானம் வந்ததில்லை. நான் சொல்லவில்லை. பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். "அப்படியே விரிச்சிடுங்க பாய்" என்றேன். எட்டு வருட வேலையில், சரியா என்று தெரியாமலே நான் கொடுத்த ஒரே உத்தரவு அது.

மறுநாள் காலை பத்து மணிக்கு மாமியிடமிருந்து போன். முதலாளி, சின்னவர், நான், மூவரும் காரில் போனோம். தார்ப்பாயை எடுத்திருந்தார்கள். வெயில் கண்ணாடி வழியாகக் கூடத்தில் கொட்டியது. நான் படிக்குக் கீழே நின்றுவிட்டேன். யாரும் சொல்லவில்லை. நானே நின்றுகொண்டேன். அதை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது. அங்கிருந்தே தெரிந்தது. கம்பளம் வெளுத்துக் கிடந்தது.

"நான் பாத்தது மாதுளம்பழமா இருந்தது. இது நேத்து வெச்சிண்ட ரோஜாவாட்டம் வெளிறிண்டிருக்கே! வேற எதையோ மாத்திக் கொடுத்துட்டேள்" என்றார் மாமி.

"நாங்க செலக்ட் பண்ணது இது இல்ல சார். ஏமாத்தற வேலை" என்றார் மகன். குழந்தை இடுப்பில் இருந்தது.

முதலாளி கம்பளத்தைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "மாத்தி அனுப்பிட்டா சார். இந்தப் பொண்ணு இன்னும் பழகலை. நாங்க எடுத்துட்டுப் போயிடறோம்."

எட்டு வருடம் பழகாத பெண்.

அங்கே இரண்டு வழி இருந்தது. தலை குனிந்து நின்றால், கடைக்குப் போய் முதலாளியிடம் தனியாக விளக்கலாம். அவர் முகம் காப்பாற்றப்படும், கார்டும் ஒருவேளை பிழைக்கும். வாயைத் திறந்தால் வாடிக்கையாளர் முன்னால் அவரைப் பொய்யராக்க வேண்டும். ஆனால் அந்த வீட்டில் நான் திருடியாக நின்றுகொண்டிருந்தேன்.

"சார், அதே கம்பளம்தான்!" என்றேன், தெருவே கேட்கும்படி. "தலை மாறிக் கிடக்கு. விரிக்கச் சொன்னது நான்தான், தப்பு என்னுது. தூக்கித் திருப்பிப் போடுங்க, போதும்."

"நீ சும்மா இரும்மா" என்றார் முதலாளி திரும்பாமலே.

மாமாதான் ஊஞ்சலை விட்டு எழுந்தார். "திருப்பித்தான் பாப்போமே. என்ன குறைஞ்சுடப்போறது?"

மகன் குழந்தையை மாமியிடம் கொடுத்தார். அவரும் சின்னவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சுழற்றிப் போட்டார்கள். கூடத்தின் நடுவே மாதுளையைப் பிளந்து வைத்ததுபோல் ஆயிற்று. குழந்தை மாமி இடுப்பிலிருந்து நழுவி இறங்கிக் கம்பளத்துக்குத் தவழ்ந்தது.

"எப்படி சார் இது?" என்றார் மகன்.

சின்னவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இழைக்கு ஒரு டைரக்‌ஷன் இருக்கு சார். ஆட்டுக்குட்டி முதுகைத் தடவிப் பாத்தீங்கன்னா தெரியும்..."

என் ஆட்டுக்குட்டியையும் எடுத்துக்கொண்டார்.

"நீங்கதான் டிசைனரா?" என்று கேட்டார் மகன். சின்னவர் ஒரு கணம் முதலாளியைப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் கையை விட்டார். மாமி என் பக்கம் திரும்பினார். சொன்னது யார் என்று அவருக்குத் தெரியும். பிறகு காபி போட உள்ளே போய்விட்டார்.

சற்று நேரம் கழித்து மாமா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார். கையில் ஒரு கார்டு. "ஏம்மா, எங்காத்துக்கு ரெண்டு தரம் வந்து அளவெடுத்தது நீதானே? இதுல வேற பேர்னா போட்டிருக்கு?"

வாங்கிப் படித்தேன். தங்க நிற எழுத்துகள், விரலில் தட்டுப்படும்படி மேடாக. சின்னவர் பெயர். அதன் கீழே 'தலைமை வடிவமைப்பாளர்'. அப்படிப்பட்ட கார்டு ஒரே இரவில் அச்சாகி வராது. எங்கள் கடைக்கு அச்சு வேலைகளைக் கொண்டுபோய்க் கொடுப்பது நான்தான், எனக்குத் தெரியும். பத்து நாளாவது ஆகும். இதை மட்டும் என்னிடம் கொடுத்தனுப்பவில்லை.

நான் தப்புச் செய்ததால் கார்டு போகவில்லை. கார்டு போன பிறகுதான் நான் தப்பே செய்திருக்கிறேன்.

"நான்தான் மாமா அளவெடுத்தது" என்றேன். "ஓஹோ" என்றார். கார்டை வாங்கிச் செய்தித்தாளுக்குள் செருகிக்கொண்டு உள்ளே போனார். அவ்வளவுதான். கதைகளில் வருவதுபோல் யாரும் எனக்காகக் குரல் எழுப்பவில்லை.

காரில் திரும்பும்போது முதலாளி, "நல்ல வேளை, உனக்கு ஞாபகம் வந்துது" என்றார்.

"கார்டு எப்ப சார் அடிச்சீங்க?"

ஏசியைக் கூட்டினார், குறைத்தார். "குடும்பக் கடைம்மா இது. நாளைக்கு நீ கல்யாணமாகிப் போயிடுவ. ஒவ்வொருத்தர் பேரா மாத்தி மாத்தி அடிச்சிட்டிருக்க முடியுமா?"

சின்னவர் முன்சீட்டில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். காவிரிப் பாலம் தாண்டியதும் இறங்கிக்கொண்டேன். அந்த மாதம் முடியும்வரை வேலைக்குப் போனேன். என் நோட்டில் இருந்த ஒவ்வொரு வீட்டு அளவையும், எந்தக் கம்பளம் எந்தப் பக்கம் என்பதையும் பாயிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். நோட்டை மட்டும் கொடுக்கவில்லை.

உங்களுக்கு என்ன சொல்ல வருகிறேன் என்றால், தப்பை ஒத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒத்துக்கொண்டதற்குப் பரிசு வரும் என்று காத்திருக்காதீர்கள். அந்த வாசல் கேள்வி உங்களிடமும் வரும், வேறு வேறு உருவத்தில். பதிலை வாசலில் நின்று யோசிக்காதீர்கள். வேனில் ஏறும்போதே முடிவு செய்துவிடுங்கள். உண்மை சொன்னது தப்பு என்று நான் சொல்லவில்லை. கம்பளத்திடம் கேட்காத ஒன்றை என்னிடம் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவள் என்று நானே நினைத்துக்கொண்டேன். அதுதான் தப்பு.

உறையூரில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்தேன். கீழே அச்சகம். அச்சகக்காரர் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டே கேட்டார்:

"பேரு?"

"மா. வளர்மதி."

"கீழ?"

"வடிவமைப்பாளர்."

"கடைப் பேரு சொல்லலியே?"

"அதாங்க மேல இருக்கு."

அம்மாவிடம் ஒரு கார்டைக் கொடுத்தேன். தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எழுத்து இவ்வளவு பொடிசா இருந்தா யாருக்குத் தெரியும்?" என்றார். நியாயம்தான்.

போன வாரம் ஸ்ரீரங்கத்து மாமியிடமிருந்து போன் வந்தது. கடையில் கேட்டு, பாயிடம் என் எண்ணை வாங்கியிருக்கிறார். மாடி அறைக்கும் ஒரு கம்பளம் வேண்டுமாம். "அந்தப் பையன் வந்தான். அவனுக்கு ஒண்ணும் தெரியலை. நீயே வா" என்றார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

போனேன். செருப்பைக் கழற்றி விட்டு, குழாயில் கால் கழுவினேன். மாமி வந்து நின்றார். பழைய புன்னகை, பழைய தாழ்ந்த குரல்.

"நீ வரலாமோல்லியோ?"

"வேலைக்கு வந்திருக்கேன் மாமி" என்றேன். கார்டை நீட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கிப் பெயரைப் படிக்கக் குனிந்தபோது படியேறி உள்ளே போய்விட்டேன். அன்று எனக்கு எந்த நாள் என்று மாமியிடம் சொல்லவில்லை. உங்களிடமும் சொல்லப்போவதில்லை.

மாடிப்படி கூடத்தின் மறுகோடியில் இருக்கிறது. ஓரமாகச் சுற்றிக்கொண்டும் போகலாம். நான் மாதுளை நிறத்தின் மேல் நேராக நடந்து போனேன்.